கண்டிப்பாக, விருந்தினரே!

மின்சார மீட்டர் பார்க்க வருகிறவரை வாசலில் கண்டதும் "வாங்க, உக்காருங்க" என்று சொல்கிற வீடு இந்த உலகத்தில் இதுவரை கட்டப்படவில்லை. நாய் இருந்தால் நாய் வரவேற்கும். நாய் இல்லாத வீட்டில் வீட்டுக்காரரே அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். ஏதோ இவர்தான் யாருக்கும் தெரியாமல் உள்ளே புகுந்து அவர்கள் வீட்டு மின்விசிறியைச் சுற்றவிட்டுப் போனதுபோல் "போன தடவ எப்படிங்க இவ்வளவு வந்துச்சு?" என்று முறைப்பார்கள். ஊரெல்லாம் வெயிலில் அலைந்து, படிக்கட்டுக்குக் கீழே குனிந்து குனிந்து எண்களைப் பார்த்தே முடி நரைத்துவிட்ட நம் மீட்டர்காரரை யாராவது முகம் மலர்ந்து "சார்" என்று கூப்பிட்டால் போதும், மனிதர் அங்கேயே உருகிவிடுவார். அது அவருடைய பலவீனம். ஒருவனுக்குப் பலவீனம் இருந்தால் அதற்கென்று கடை விரிக்க ஆள் கிடைக்காமலா போகும்?

அவருக்கு ஒரே மகள். ஆள் சிறிசு, வாய் பெரிசு என்பதால் வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பெயர். பள்ளிப் படிப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருந்தாள். அரசுக் கல்லூரியில் வேதியியலுக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்துவதற்குள் அசல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். தவறினால் அந்த இடம் வரிசையில் நிற்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

வேதியியல் என்று கேள்விப்பட்டதும் சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து விசாரித்தார்கள். "கெமிஸ்ட்ரியா? சரி விடு, சோப்புக் கம்பெனில ஏதாவது வேலை போட்டுக் குடுக்காமலா போயிடுவாங்க" என்றார் பெரியப்பா. கடுகுக்கும் அதில் பெரிய ஆசை கிடையாது. அவளுடைய உலகம் நகரப் பேருந்தின் கடைசி நிறுத்தத்தோடு முடிந்துபோயிருந்தது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தீராத ஏக்கம். அதனால்தான் ஒரு நாள் பேருந்து ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெரிய விளம்பரப் பலகையைப் பார்த்ததும் அவள் கழுத்து தானாகத் திரும்பியது. விமானத்துக்குக் கீழே பெட்டியோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். "விருந்தோம்பல் மற்றும் சுற்றுலா மேலாண்மைப் பட்டம். உலகம் உங்களை வாசலில் நின்று அழைக்கிறது!"

மகளின் கழுத்து திரும்பியதை மீட்டர்காரர் பார்த்துவிட்டார். பெற்ற மனம் சும்மா இருக்குமா? திங்கட்கிழமை அந்தக் கல்லூரியில் 'பட்டம் தேர்ந்தெடுக்கும் திருநாள்'. இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மகளோடு கிளம்பினார்.

வாசலில் காவல்காரர் சல்யூட் அடித்தார். மீட்டர்காரர் பழக்கதோஷத்தில் "மீட்டர் எந்தப் பக்கம் இருக்கு?" என்று ஆரம்பித்து, கடுகு முழங்கையால் இடித்ததும் நிறுத்திக்கொண்டார். உள்ளே மாணவர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று வணங்கினார்கள். அந்த வணக்கத்தில் மூன்று ரகம் இருந்தது. சும்மா பார்க்க வந்தவருக்குத் தலை மட்டும் குனியும். சேருகிற மாதிரி தெரிந்தால் இடுப்பு வரை வளையும். கட்டணம் கட்டியாகிவிட்டது என்றால் மூக்கு முழங்காலைத் தொடும். மீட்டர்காரரின் சட்டையைப் பார்த்த ஒரு மாணவன், தலையோடு நிறுத்துவதா இடுப்பு வரை போவதா என்று தெரியாமல் பாதியில் நின்று தவித்தான். "பரவால்ல தம்பி, உங்களுக்கு எப்படி வசதியோ" என்றார் மீட்டர்காரர்.

ஒவ்வொரு மாணவன் இடுப்பிலும் ஒரு சின்னப் பித்தளை மணி தொங்கியது. சுவரில் தங்க எழுத்தில் ஒரு வாசகம்: 'இல்லை என்ற சொல் இங்கே இல்லை.'

"அந்தப் போர்டுலயே ரெண்டு தடவ இருக்கேப்பா" என்றாள் கடுகு.

"சும்மா இரும்மா. எவ்வளவு மரியாதையான எடம்!"

வெயிலில் வந்த களைப்பு. மீட்டர்காரர் ஒரு மாணவனிடம் தயங்கித் தயங்கி, "கொஞ்சம் தண்ணி கெடைக்குமா தம்பி?" என்றார்.

"கண்டிப்பாக, விருந்தினரே!" என்று அவன் நெஞ்சில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் ஒரு மாணவி வந்தாள். "தண்ணீர் விரும்பிய விருந்தினர் தாங்கள்தானா?" ஆமாம் என்றதும் அவளும் "கண்டிப்பாக, விருந்தினரே!" என்று போய்விட்டாள். மூன்றாவதாக ஒருவன் வந்து, குளிர்ந்ததா, மிதமானதா, அறைச் சூட்டில் உள்ளதா என்று விசாரித்தான்.

"ஈரமா இருந்தாப் போதும்" என்றாள் கடுகு.

"கண்டிப்பாக, விருந்தினரே!"

தண்ணீர் வரவில்லை. தண்ணீரைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் மட்டும் குறையவில்லை. கடைசியாக வந்த மாணவி, தண்ணீர் எப்படி இருந்தது என்பதற்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு மீட்டர்காரர் நாலு கொடுத்தார்.

பிறகு அவர்களைப் 'புன்னகை அலுவலர்' என்ற அம்மையாரிடம் அழைத்துப் போனார்கள். எந்தப் பட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆலோசனை சொல்வது அவர் வேலை. அங்கே இருப்பது ஒரே பட்டம்தான் என்பதால் ஆலோசனையில் குழப்பம் வர வழியே இல்லை.

"எங்க மாணவர்கள் வாயில அந்த மூணெழுத்து வார்த்தை வரவே வராது சார்" என்றார் அம்மையார், உதடு மூடாமலே. "யாராவது மறந்து சொல்லிட்டாங்கன்னா சுத்தி இருக்கறவங்க மணி அடிப்பாங்க. சொன்னவங்க, அந்த விருந்தினர் என்ன கேட்டாரோ அத, அங்கேயே, தன் கையாலயே செஞ்சு குடுத்தாகணும். வாசல் பெருக்கறவர்லேர்ந்து எங்க தலைமை உபசாரகர் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே விதி. விதி போட்டதே அவர்தான். நாலு வருஷமா இந்த மணியெல்லாம் சும்மாவே தொங்குது."

"அடேயப்பா!" என்றார் மீட்டர்காரர்.

"முதல் வருஷம் புன்னகைக் கோட்பாடு. ரெண்டாம் வருஷம் துண்டு மடிக்கற கலை. அன்னம், முதலை, யானை எல்லாம் துண்டுலயே வரும். மூணாம் வருஷம் நேரடிப் பயிற்சி, அப்பறம் சர்வதேசப் பயணம்."

"எந்த நாட்டுக்கு மேடம்?" என்றாள் கடுகு. அன்றைக்கு முதல் தடவையாக அவள் குரலில் முள் எதுவும் இல்லை.

"நீங்க எந்த நாட்ட விரும்பறீங்களோ அந்த நாட்டுக்கு, விருந்தினரே."

கடுகின் கண் எங்கேயோ தூரத்தில் போய் நின்றது. அதைப் பார்த்த மீட்டர்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அம்மையார் இரண்டு கையையும் நீட்டினார். "அசல் சான்றிதழெல்லாம் குடுங்க சார். சும்மா சரிபார்க்கத்தான். எங்களுக்குச் சான்றிதழும் ஒரு விருந்தாளிதான். குளிர்பதன அறையில தங்க வெச்சுப் பாத்துக்குவோம்."

நெஞ்சோடு அணைத்திருந்ததை அவர் எடுத்துக் கொடுத்தார். 'சார்' என்ற ஒரு வார்த்தைக்கு மனிதன் என்னவெல்லாம் கொடுத்துவிடுகிறான்!

கொடுத்த பிறகுதான் சுற்றிக் காட்டினார்கள். முதலில் மாதிரி சமையல் கூடம். அடுப்புகள் பளபளவென்று இருந்தன. கிட்டப் போய்த் தொட்டால் அட்டையில் வெள்ளி வர்ணம். மாணவர்கள் காலித் தட்டில் மூடி போட்டு எடுத்து வந்து, மூடியைத் திறந்து, "இன்றைய சூப்" என்று பணிவோடு அறிவித்தார்கள். அடுத்தது சர்வதேசப் பயணக் கூடம். மூன்று விமான இருக்கைகள், ஒரு போலி ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மேகம் வரைந்த நீளத் துணி. ஒரு மாணவன் அந்தத் துணியைக் கயிற்றால் இழுத்துக்கொண்டிருந்தான்.

"இப்ப எந்த நாட்டு மேல போறோம்?" என்று கேட்டாள் கடுகு.

"விருந்தினர் விரும்பும் நாடு" என்றான் அவன், மூச்சு வாங்க. கயிறு கனம் போலிருக்கிறது.

கடுகு அந்த மேகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். துணியில் ஒரு இடத்தில் காபிக் கறை இருந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியதற்கு யாரைக் குற்றம் சொல்வது? அழுகை வரும்போல் இருந்தது. அவளுக்கு அழப் பிடிக்காது. அதனால் கோபப்பட்டாள். அப்பாவுக்கு நாக்கு வறண்டிருப்பது ஞாபகம் வந்தது. இவர்களை நம்பிப் பயனில்லை, நாமே போய்த் தண்ணீர் தேடலாம் என்று பின்பக்கம் நடந்தாள்.

பின் மதிலில் ஒரு சின்னக் கதவு இருந்தது. அதைத் தாண்டினால் ஒரு விழா மண்டபத்தின் அடுப்படி. இங்கே அடுப்பு நிஜம், கரியும் நிஜம். காய்கறிக் கூடைக்குள் கரப்பான்பூச்சிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. மாவு மூட்டை மேல் ஒரு எலி ஓடியது. யாரும் அதை விரட்டவில்லை. குழாயடியில் கல்லூரிச் சீருடையோடு ஒரு கூட்டம் குத்தவைத்துப் பெரிய பெரிய அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒரு நெட்டைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி அவள் விரலெல்லாம் வெடித்திருந்தது.

"என்னக்கா பண்றீங்க?"

"மூணாம் வருஷம். நேரடிப் பயிற்சி" என்றாள் நெட்டை. "மண்டபம் தலைமை உபசாரகரோட மச்சானோடது. நேத்து நட்சத்திரக் குழுத் தலைவர் பொண்ணுக்குப் பொறந்தநாள். இலவச விருந்து. அந்தப் பாத்திரந்தான் இது. காலேஜுக்கு நட்சத்திரம் குடுக்கறவர் அவர்தானே, வெள்ளிக்கிழம வர்றாரு."

"நீங்க முடியாதுன்னு சொல்லலயா?"

"அந்த வார்த்தையெல்லாம் இங்கதான் சொல்லிக்குவோம். பாத்திரச் சத்தத்துல கேக்காது." அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "இல்ல, இல்ல, இல்லவே இல்ல. அப்பாடா. நீ சேந்துட்டியா?"

"சர்டிபிகேட்ட குடுத்துட்டாரு எங்கப்பா."

"அய்யோ" என்றாள் நெட்டை. அண்டாவுக்குத் திரும்பிவிட்டாள்.

கடுகு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். "எனக்கு இந்தப் படிப்பு வேணாம்ப்பா. சர்டிபிகேட்ட வாங்குங்க, போலாம்."

"ஏம்மா, என்னாச்சு?"

"முதல்ல வாங்குங்க."

கொடுப்பதற்கு ஒரு கணம் போதுமாக இருந்தது. வாங்குவதற்குத்தான் வழியைக் காணோம். "சான்றிதழைத் திருப்பிக் குடுங்க" என்றதும் "கண்டிப்பாக, விருந்தினரே!" என்று ஒருவர் இன்னொருவரிடம் அனுப்பினார். இன்னொருவர் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார வைத்தார். அவருக்கு அடுத்தவர் அதைவிட மெத்தென்ற நாற்காலி கொடுத்தார். சான்றிதழ்கள் இப்போது ஓய்வில் இருப்பதாகவும் எழுப்புவது மரியாதை ஆகாது என்றும் சொன்னார் ஒருவர். அன்றைக்கு நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை போனார்கள். புதன்கிழமையும் போனார்கள். மீட்டர்காரர் கெஞ்சினார், கும்பிட்டார். கெஞ்சக் கெஞ்ச எதிரில் இருந்தவர்களின் புன்னகை அகலமாகிக்கொண்டே போனது.

"மூஞ்சிய காட்டுனாகூட சண்ட போட்டு வாங்கிடலாம்ப்பா" என்றாள் கடுகு. "இவங்க சிரிச்சே கழுத்த அறுக்கறாங்க."

வியாழக்கிழமை தலைமை உபசாரகரே சந்திக்க இசைந்தார். கோட்டு, கழுத்தில் பட்டுத் துணி, சந்தனம் மணக்கும் அறை. மீட்டர்காரரின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு விடவே இல்லை.

"ஐயா, வீட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்றது யாரு வேணா செய்யலாம். அதுக்குப் பட்டம் எதுக்கு? வந்தவங்களப் போகவிடாம பாத்துக்கறது இருக்கே, அதுதான் மேலாண்மை. உங்க பொண்ணோட சான்றிதழ் எங்க வீட்டு விருந்தாளி. விருந்தாளி பாதியில எழுந்து போனா எங்க மனசு என்ன பாடு படும்? யோசிச்சுப் பாருங்க. அந்த மனவேதனைக்கு ஒரு சின்னத் தொகை வெச்சிருக்கோம். வழியனுப்பு உபசாரம்னு பேரு. மூணு வருஷக் கட்டணம், அவ்வளவுதான்."

"படிக்காமயேங்களா?" என்றார் மீட்டர்காரர்.

"படிச்சவங்க, படிக்காதவங்க, எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான். இன்னொரு விஷயம், மனசு விட்டுச் சொல்றேன். உங்கள மாதிரி நல்லவங்கள நம்பித்தான் இந்தக் கட்டடமே நிக்குது. ஒவ்வொருத்தரும் நாலு பேர்ட்ட விசாரிச்சுட்டுப் புள்ளைங்களச் சேத்தாங்கன்னா நாங்க என்ன ஆவறது?"

"எலிப்பொறியிலகூட தின்ன ஏதாவது வெப்பாங்க சார்" என்றாள் கடுகு. "இங்க தண்ணிகூட வரல."

"கண்டிப்பாக, விருந்தினரே!" என்றார் தலைமை உபசாரகர், முகம் மாறாமல்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். மீட்டர்காரர் மகளைப் பார்க்க முடியாமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னய சார்னு கூப்டாங்கம்மா" என்றார் கடைசியில். "அதுல மயங்கிட்டேன். உன் படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேன்." அவர் கண் கலங்கியதைக் கடுகு முன்னே பார்த்ததே இல்லை. தனக்கு ஆசை காட்டி மோசம் செய்ததைக்கூட மறந்துவிடலாம். இந்த மனிதருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே மரியாதையைப் போலியாகக் கொடுத்து ஏமாற்றினார்களே, அதை மட்டும் சும்மா விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டில் அம்மா விஷயம் கேட்டுக் கத்தித் தீர்த்தாள். "ஒருத்தன் பல்லக் காட்டுனா நீங்க வீட்டையே எழுதிக் குடுத்துருவீங்க!" என்றாள். பிறகு அவளே, "நாளைக்கு நாலு பேர் முன்னாடி போய்க் கேளுங்க. தனியாப் போனாத்தானே சிரிச்சு மழுப்பறானுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை. கல்லூரி அரங்கம் நிறைந்து வழிந்தது. பட்டத்தைத் தேர்ந்தெடுக்க வந்த பெற்றோர்கள், ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டு முழிக்கிற பெற்றோர்கள், மேடையில் நட்சத்திரக் குழு. குழுத் தலைவர் முன்னால் பெரிய கேக்குத் துண்டு. மேடையின் இரு பக்கமும் மூன்று வருஷத்து மாணவர்களும் மணி கட்டிக்கொண்டு நின்றார்கள். இன்றைக்கு ஒரு நாக்குப் பிசகினாலும் செய்முறைத் தேர்வில் பூஜ்யம் என்று காலையிலேயே எச்சரித்திருந்தார்கள்.

தலைமை உபசாரகர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இந்த மணிகளப் பாருங்க! நாலு வருஷமா மௌனம்! உலகத்துல எந்தக் கல்லூரிக்காவது இந்தப் பெருமை உண்டா? மதிப்புக்குரிய பெற்றோர்களே, யார் வேண்டுமானாலும் எழுந்திருங்க. எத வேண்டுமானாலும் கேளுங்க. எங்க பிள்ளைங்க என்ன பதில் சொல்றாங்கன்னு இந்தக் குழு தன் காதால கேக்கட்டும்!"

தவளை தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

மீட்டர்காரர் எழுந்தார். கும்பிட்டுக் கேட்கத்தான் எழுந்தார். ஆனால் கேக்குத் துண்டையும் அந்தப் பட்டுத் துணியையும் பார்த்ததும் இருபது வருஷத்து நாய்க்கடியெல்லாம் ஒன்றாக வலித்ததுபோல் இருந்தது. கெஞ்ச வாய் வரவில்லை.

"ஏங்க, எம் பொண்ணு சர்டிபிகேட்ட தராம புடிச்சு வெச்சிருக்கீங்களா?" என்று கத்தினார்.

"கண்டிப்பாக, விருந்தினரே!" என்றது மாணவர் கூட்டம், ஒரே குரலில், நெஞ்சில் கை வைத்து.

மீட்டர்காரருக்கே தூக்கிவாரிப் போட்டது. கடுகுதான் முதலில் புரிந்துகொண்டாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது நல்ல பிள்ளைகள் முகத்தில் வருகிற வெளிச்சம் அல்ல.

"நிறுத்தாதீங்கப்பா. கேளுங்க" என்று கிசுகிசுத்தாள்.

"திருப்பிக் கேட்டா மூணு வருஷக் கட்டணத்தக் கட்டணுமா?"

"கண்டிப்பாக, விருந்தினரே!"

"அந்தப் பளபளா அடுப்பெல்லாம் அட்டையா?"

"கண்டிப்பாக, விருந்தினரே!"

"வெளிநாட்டுப் பயணம்ங்கறது துணிய இழுக்கறதுதானா?"

"கண்டிப்பாக, விருந்தினரே!" கயிறு இழுக்கும் மாணவனின் குரல் மற்றவர்களைவிட ஓங்கிக் கேட்டது.

தலைமை உபசாரகர் சிரித்துக்கொண்டே, "அன்பர் நகைச்சுவையா பேசறாரு, அடுத்தவர் கேக்கலாம்..." என்று ஆரம்பித்தார். ஆனால் கடுகு நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டாள். ஆள் சிறிசு என்பதால் அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தாள்.

"மூணாம் வருஷம் பூரா இவரு மச்சான் மண்டபத்துல அண்டா கழுவறதுதானா படிப்பு?"

இந்தத் தடவை மூன்றாம் வருஷ மாணவர்கள் மட்டும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். நெட்டைப் பெண் வெடித்த விரல்களை விரித்துத் தூக்கிக் காட்டினாள். "கண்டிப்பாக, விருந்தினரே!" என்று அவர்கள் போட்ட சத்தத்தில் மேடை விளக்கு ஆடியது. விதிக்குக் கீழ்ப்படிவதில் மனிதனுக்கு இவ்வளவு ஆனந்தம் இருக்கும் என்று அவர்களுக்கே அன்றுதான் தெரிந்திருக்கும்.

"அங்க எலி ஓடுதா?"

"கண்டிப்பாக!"

"கரப்பான்?"

"கண்டிப்பாக!"

"குழுத் தலைவர் பொண்ணு பொறந்தநாள் விருந்து அங்கதான் இலவசமா நடந்துச்சா?"

"கண்டிப்பாக, விருந்தினரே!"

குழுத் தலைவர் கையிலிருந்த கேக்கு தட்டுக்கே திரும்பிப் போனது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. பெற்றோர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். தலைமை உபசாரகரின் புன்னகை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. மாணவர்களைப் பார்த்து அடிக்குரலில் "வாய மூடுங்கடா" என்றார். ஒலிவாங்கி அதையும் அரங்கம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"இதெல்லாம் உண்மைதானா?" என்றார் மீட்டர்காரர் கடைசியாக, நேராக அவரையே பார்த்து.

"இல்ல!" என்று அலறினார் தலைமை உபசாரகர். "இல்ல! இல்லவே இல்ல! ஒண்ணும் இல்ல!"

நாலு வருஷத்து மௌனம் கலைந்தது. அத்தனை இடுப்பு மணிகளும் ஒன்றாக அடித்தன. மாணவர்கள் கை வலிக்க வலிக்க அடித்தார்கள். ஒரு தடவை சொன்னதற்கு ஒரு மணி என்றால் இத்தனை தடவை சொன்னதற்கு எவ்வளவு அடிக்க வேண்டும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. போதும் போதும் என்று புன்னகை அலுவலர் கை ஆட்டினார். அவர் உதடுகள் மூடியிருந்ததை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

குழுத் தலைவர் அவசரமாக எழுந்தார். அந்தக் குட்டிப் பெண் அடுத்து எதைக் கேட்பாளோ என்ற பயம் அவருக்கு. "விதின்னா விதிதான்" என்றார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "விருந்தினர் கேட்ட சர்டிபிகேட்ட உங்க கையாலயே கொண்டுவந்து குடுத்துருங்க. குழு அத நேர்ல பாக்க விரும்புது. சீக்கிரம்!"

தலைமை உபசாரகர் போனார். கொஞ்ச நேரத்தில் வெள்ளித் தட்டில் கடுகின் சான்றிதழ்களை ஏந்தி வந்தார். மீட்டர்காரர் எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அதற்குள் பின்னால் ஒரு அம்மா, "அப்படியே எம் பையனோடதையும்" என்றாள். "எங்களோடது?" என்றது இன்னொரு குரல். வரிசை அரங்கத்தைத் தாண்டி வாசல் வரைக்கும் போய்விட்டது. மறுக்கலாம் என்று வாய் திறந்த தலைமை உபசாரகர், சுற்றிலும் மணியைப் பிடித்தபடி காத்திருந்த கைகளைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு தட்டோடு திரும்பி நடந்தார். பட்டுத் துணி நனைந்து கழுத்தில் ஒட்டிக்கொண்டது. எத்தனை நடை நடந்தாரோ தெரியாது. நடக்கட்டும்.

மீட்டர்காரர் அவரை வழியில் நிறுத்தினார். யார் வீட்டுக்குப் போனாலும் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். நாய் விரட்டிய வீட்டில்கூட அப்படித்தான் சொல்லிவிட்டு வருவார்.

"போறேன்" என்றார்.

அரசுக் கல்லூரி அலுவலகத்தில் கதவைச் சாத்தப் போகிற நேரம். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "கடைசி நேரத்துலதான் எல்லாருக்கும் ஞானம் வரும். அங்க உக்காருங்க. அந்த நாற்காலில உக்காராதீங்க, கால் ஒடஞ்சது." சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டே, "கெமிஸ்ட்ரி. ஏம்மா, புடிச்சு வர்றியா, வேற வழியில்லாம வர்றியா?" என்றார்.

கடுகு அந்தக் கால் ஒடிந்த நாற்காலியைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டு வந்த சந்தோஷம் இருந்தது. ஆனாலும் மேகத்துக்கு அப்பால் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்ட வலி போகவில்லை. அதோடு, மணி அடித்து ஓய்ந்தபின் அந்த மச்சான் மண்டபத்தில் நாளைக்கும் அண்டா இருக்கும், நெட்டையக்கா இருப்பாள் என்பதும் உறுத்தியது.

"சும்மா சொல்லு. இதுல படிச்சவங்க எங்கெங்கயோ இருக்காங்க" என்றார் குமாஸ்தா, முத்திரையைத் தேடிக்கொண்டே. "மருந்துக் கம்பெனி, ஆராய்ச்சி. நம்மகிட்டப் படிச்ச ஒரு பொண்ணு உணவு ஆய்வாளரா இருக்கு. போன வாரம் ஒரு பெரிய ஓட்டலயே இழுத்துப் பூட்டி சீல் வெச்சிட்டு வந்துச்சு. மொதலாளி கால்ல விழாத கொறைதான்."

கடுகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எந்த அடுப்படிய வேணாலும் பூட்டலாமா சார்?"

"அழுக்கா இருந்தா பூட்டலாம்."

"விழா மண்டபம்?"

"மண்டபமா இருந்தா என்ன, காலேஜா இருந்தா என்ன? எலி எல்லா எடத்துலயும் எலிதான்."

"சேத்துக்கோங்க சார்" என்றாள் கடுகு.

"அவசரப்படாத. மூணு வருஷம் ஒழுங்காப் படிக்கணும். அப்பறம் அதுக்குன்னு தனியாப் பரீட்ச எழுதணும். அதுவரைக்கும் நீ பூட்டணும்னு நெனைக்கற எடம் இருக்குமோ என்னவோ."

"இருக்கும் சார். மச்சானோடது. எங்கயும் ஓடாது." அவள் கொஞ்சம் யோசித்தாள். "பூட்டு ஆபீஸ்லயே குடுத்துருவாங்களா, நாமதான் கொண்டுபோகணுமா?"

"நான் வாங்கித் தர்றேம்மா" என்றார் மீட்டர்காரர், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "நல்ல கனமா."